பின்னல் வேலை தெரிந்தவர்கள் வெளிநாட்டுச் சுற்றுலா போக ஏற்ற இடம் எது? போய்வந்தவர்கள் நல்லதும் கெட்டதும் சொல்வீர்களா?

ஷெட்லாந்து. கம்பளி நூலும் ஊசியும் பிடித்துப் பழகிய கைக்கு வெளிநாடு என்று ஒன்று வாய்த்தால், லண்டனையும் பாரிஸையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அங்கே போங்கள். ஸ்காட்லாந்துக்கு வடகிழக்கே, வட அட்சரேகை 60 பாகையில் கிடக்கும் தீவுக் கூட்டம் அது. எந்த மூலையில் நின்றாலும் ஐந்து கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும். 1469இல் டென்மார்க் அரசன் முதலாம் கிறிஸ்டியன் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசனுக்குக் கட்டிக்கொடுத்தபோது, சீதனப் பணம் கையில் இல்லாமல் இந்தத் தீவுகளை அடகு வைத்தான். மீட்கவே இல்லை. இதைக் கேட்டதிலிருந்து என் மதினிக்கு அந்த ஊர் மீது தனிப் பிரியம்.

நான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் என்ற ஊர்க்காரி. வீட்டில் ஆண்களுக்குக் கடல்தொழில். பள்ளிக்கூடத்தில் ஒரு கன்னியாஸ்திரியிடம் கற்ற பின்னலை இன்றுவரை விடவில்லை. ராமநாதபுரத்து வெயிலில் கம்பளி யாருக்கு என்று பலரும் கேட்பார்கள். பிறந்த குழந்தைக்குக் குல்லா வேண்டும். மார்கழி, தை வாடையில் இரவுக் கடலுக்குப் போகிறவர்கள் காதை மூட வேண்டும். கொடைக்கானலில் கடை வைத்திருப்பவர்கள் ஸ்வெட்டர் கேட்பார்கள். வேலைக்குக் குறைவே இல்லை.

அண்ணன் மகள் ஸ்காட்லாந்தின் துறைமுக நகரமான அபர்தீனில் நர்ஸாக இருக்கிறாள். "அத்தை, கப்பலில் ஓர் இரவு போனால் நீங்கள் சொல்லிக்கொண்டே இருக்கும் அந்த ஊர் வந்துவிடும்" என்று அவள்தான் ஏற்பாடு செய்தாள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்போது ஆண்கள் கரையில் இருப்பார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. தடைக்காலத்தின் கடைசி நாட்களைப் பார்த்து மதினியும் நானும் கிளம்பினோம். விசாவுக்குச் சென்னை போய் விரல்ரேகை கொடுத்தது, வங்கிக் கணக்கு காட்டியது எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான்.

பயணத்தில் முதல் அடி நடுவழி விமான நிலையத்தில் விழுந்தது. நான் பல வருடமாக வைத்திருந்த எஃகு ஊசிகளைக் கைப்பையிலிருந்து எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். பாதி பின்னிய குல்லா ஊசியில்லாமல் கண்ணி கண்ணியாகத் தொங்கியது. கேட்டால் விதி என்றார்கள். அந்த விதி ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதால் சொல்கிறேன்: நல்ல ஊசி எதுவாக இருந்தாலும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது கப்பல். அபர்தீனில் மாலை கிளம்பி மறுநாள் காலை ஏழரை மணிக்கு ஷெட்லாந்தின் தலைமை ஊரான லெர்விக் சேரும். கடற்கரையில் பிறந்தவர்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ளும் என்பது வெறும் பேச்சு. மதினி இரவு முழுக்க வாந்தி எடுத்தார். விடிந்து வெளியே வந்தபோது ஜூன் மாதத்தில் அப்படி ஒரு குளிர்காற்று. ஆனால் துறைமுகத்தில் வலையும் கயிறும் குவிந்து கிடந்ததையும் மீன்வாடையையும் கண்டதும் மதினி முகம் தெளிந்துவிட்டது.

இனி நான் எதற்காகப் போனேனோ அதைச் சொல்கிறேன். லெர்விக் அருங்காட்சியகத்தில் கன்னிஸ்டர் மனிதன் என்று ஒரு பகுதி உண்டு. 1951இல் கன்னிஸ்டர் என்ற இடத்தில் எரிபொருளுக்காகக் கரிமண் (சதுப்பில் கிடைக்கும், காய்ந்தால் விறகு போல் எரியும் மண்) வெட்டியபோது, 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் புதைக்கப்பட்ட ஒருவர் கிடைத்தார். உடல் கரைந்துவிட்டது, கம்பளி நின்றுவிட்டது. குல்லா, கையுறை, காலுறை, சிறு பணப்பை எல்லாம் கையால் பின்னியவை. மூலப் பொருட்கள் எடின்பரோவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. லெர்விக்கில் நாம் பார்ப்பது அவற்றைப் பார்த்துப் பின்னிய நகல். அந்தப் பணப்பையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே சிவப்பும் வெள்ளையுமாகப் பூவேலை ஓடுகிறது. இறந்தவர் யார், அவருக்கு அதைப் பின்னிக் கொடுத்தது யார் என்று எவருக்கும் தெரியாது. காலுறையில் கணுக்கால் அருகே கண்ணி குறைத்த இடத்தைக் கண்ணாடி வழியாகவே எண்ணிப் பார்த்தேன். நான் குறைப்பது போலவேதான் குறைத்திருந்தது.

கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஊர்ப் பொது மண்டபங்களில் தேநீரும் வீட்டில் செய்த கேக்கும் வைப்பார்கள். ஊருக்கு நிதி சேர்க்கும் ஏற்பாடு. சுற்றுலாக்காரர்கள் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். பின்னல்காரிகள் கட்டாயம் போங்கள், கையில் உங்கள் வேலையோடு போங்கள். நான் பையிலிருந்து குல்லாவை எடுத்ததும் ஒரு பாட்டி எழுந்து வந்து, கேட்காமலே அதைப் புரட்டி உள்பக்கம் பார்த்தார். பின்னல் தெரிந்தவர்கள் எந்த ஊரிலும் உள்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். "சுத்தமாக இருக்கிறது" என்று அவர் சொன்னதை அண்ணன் மகள் எனக்குச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பாட்டி தம் இடுப்பு வாரை அவிழ்த்து என் இடுப்பில் கட்டினார். தோலால் ஆன முட்டை வடிவத் திண்டு, உள்ளே குதிரை மயிர் அடைத்தது, மேல்தோலில் வரிசையாகத் துளைகள். வலது ஊசியின் அடிமுனையை ஒரு துளையில் செருகிவிட்டால் ஊசி அசையாது. வலது கை ஊசியைத் தாங்க வேண்டியதில்லை, நூலை வீசுவது மட்டுமே அதன் வேலை. அந்தக் காலத்தில் பெண்கள் முதுகில் கரிமண் கூடையைச் சுமந்துகொண்டு, நடந்தபடியே இந்த வாரில் ஊசியைச் செருகிப் பின்னியிருக்கிறார்கள். பழைய புகைப்படங்களில் பார்க்கலாம். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி, பாறையில் பாசி பறித்து, கரையேறிச் சுமந்து, வீட்டுக்கு வந்து உலையும் வைக்கிறவர்கள்.

இன்னொரு வேலையை அன்றைக்கே பார்த்தேன். ஃபேர் ஐல் என்பது பல நிறத்தில் வரிவரியாகப் பூவேலை ஓடும் ஸ்வெட்டர். ஆனால் ஒரு வரிக்கு இரண்டு நிற நூல்தான். பயன்படாத நூல் பின்பக்கமாக ஓடும். திரும்பித் திரும்பிப் பின்னினால் நிறம் குழம்பும் என்பதால் உடம்பு முழுவதையும் குழாயாக, நிற்காமல் சுற்றிப் பின்னுகிறார்கள். கைக்கும் முன்திறப்புக்கும் இடம் விடுவதில்லை. முழுவதும் முடிந்த பிறகு கத்தரிக்கோலை எடுத்து, பின்னிய துணியை நேராக வெட்டுகிறார்கள்! ஓர் இளம்பெண் மேசையில் விரித்து வெட்டினாள். கண்ணிகளின் நடுவே கத்தரி ஏறும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. எத்தனை மாத உழைப்பு அது. ஒரு கண்ணிகூட ஓடவில்லை. ஷெட்லாந்து ஆட்டுக் கம்பளியின் மெல்லிய முடிகள் பக்கத்துக் கண்ணியைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. நாம் வாங்கும் அக்ரிலிக் உல்லன் நூலில் இதைச் செய்தால் முழுதும் உருவிக்கொண்டு வந்துவிடும். 1922இல் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் கோல்ஃப் ஆடும்போது இப்படி ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்ட பிறகுதான் உலகமே இதைத் தேடியது என்பார்கள். எனக்கு இளவரசரைவிட அந்தக் கத்தரிக்கோல் பெரிது.

வடக்கே அன்ஸ்ட் தீவின் சால்வை இதற்கு நேர் எதிர். ஆட்டின் கழுத்துப் பக்கத்து மெல்லிய முடியைக் கத்தரிக்காமல் கையால் பறித்து, இழையாக நூற்று, கல்யாண மோதிரத்துக்குள் முழுச் சால்வையும் நுழைந்து வரும்படி பின்னுவது. அங்கே உள்ள மரபு மையத்தில் பார்க்கலாம். இரண்டு படகு மாற வேண்டும், போய் வர ஒரு முழுநாள் ஆகும். ஆனாலும் போக வேண்டும்.

இந்தப் பயணத்தில் என்னை உலுக்கியது ஓர் அறிக்கை. 1872இல் வில்லியம் கத்ரி என்ற ஆணையர், ஷெட்லாந்துப் பின்னல்காரிகளையும் மீனவர்களையும் விசாரித்து அரசுக்குக் கொடுத்தது. சால்வை பின்னிக் கொண்டுபோன பெண்ணுக்கு வியாபாரி பணம் தரமாட்டார், தேயிலையும் துணியும் தருவார். வீட்டில் மாவு இல்லை என்றால் அந்தத் தேயிலையைக் கொண்டுபோய் இன்னொருவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். இதை அண்ணன் மகள் வாசித்துச் சொன்னபோது மதினியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படகுக்கும் வலைக்கும் முன்பணம் வாங்கிவிட்டால், பிடித்த மீனை அந்த வியாபாரி சொன்ன விலைக்கே போட வேண்டும் என்பது எங்கள் கரையில் எந்த வீட்டுக்குத் தெரியாது? நானே ஒரு கடைக்குக் குல்லா பின்னிக் கொடுத்தபோது, கூலியை நூல் கணக்கில் கழித்துக்கொண்டு மிச்சம் என்று சில்லறையை நீட்டியிருக்கிறார்கள். அழகான பொருளைப் பார்க்கப் போகிறவர்கள் அதன் கூலியையும் கேட்டுவிட்டு வர வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதனால்தான் அங்கே கடையில் கைப்பின்னல் ஸ்வெட்டரின் விலையைக் கண்டு மலைத்தபோதும், அது அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் ஊரில் நாம் வாங்கும் கூலிதான் குறைவு.

மனம் கசந்த இடங்களும் உண்டு. ஒருநாள் வேனில் சுற்றிக் காட்டுகிறோம் என்று பணம் வாங்கியவர்கள், நாலாயிரம் வருடத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த யார்ல்ஸ்ஹோப் இடிபாடுகளில் எங்களை ஓடவிட்டு, நினைவுப்பொருள் கடையில் மணிக்கணக்கில் நிறுத்தினார்கள். அங்கே இருந்தவற்றில் பாதி இயந்திரப் பின்னல். உள்ளூர் பஸ்ஸில் போயிருந்தால் காசும் மிச்சம், நேரமும் நம் கையில். மௌசா தீவில் 13 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் இரும்புக் காலக் கல்கோபுரத்தைப் பார்க்க ஆசையாகப் போனோம். காற்று ஓயவில்லை, படகு விடவில்லை, திரும்பி வந்தோம். சாப்பாடு இன்னொரு பாடு. மீன் நல்ல மீன், ஆனால் உப்பைத் தவிர வேறு அறிமுகம் இல்லாதது. மதினி பையிலிருந்த நாரத்தங்காய் ஊறுகாய்தான் எங்களைக் காப்பாற்றியது. ஒன்று மட்டும் நாவுக்குப் பிடித்தது. ஆட்டிறைச்சியை உப்புநீரில் ஊறவைத்து, கரிமண் புகையில் உலர்த்தி, உருளைக்கிழங்கோடு சூப் வைக்கிறார்கள். ரீஸ்டிட் மட்டன் என்று பெயர். நம் உப்புக்கண்டத்துக்கு அண்ணன் தம்பி முறை. இரவில் முழு இருட்டே வராததால் தூக்கமும் கெட்டது. நான் அந்த வெளிச்சத்தில் பின்னிக்கொண்டிருந்தேன், மதினிதான் பாவம்.

செயின்ட் நினியன் தீவுக்குப் போகிற மணல் திட்டில் நடந்தபோது இரண்டு பக்கமும் கடல். தனுஷ்கோடியில் ஆண்கடல், பெண்கடல் என்று இரண்டு பக்கமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது வெளியூராகவே தெரியாது. மதினி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார், அந்தக் குளிரிலும்.

யெல் தீவில் குளூப் என்ற இடத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1881 ஜூலை 20 அன்று வந்த புயலில் 58 மீனவர்கள் திரும்பவில்லை. ஆறு துடுப்புப் போடும் திறந்த படகுகளில் போனவர்கள். நூறாண்டு கழித்து வைத்த சிலையில், கையில் குழந்தையோடு ஒரு பெண் கடலைப் பார்த்து நிற்கிறாள். ஆண்கள் போன பிறகு அந்த வீடுகள் எதை நம்பியிருந்திருக்கும் என்று யோசித்தால், ஆடு, துண்டு நிலம், அப்புறம் இந்த ஊசிதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்த கரையிலிருந்து வந்தவர்கள் நாங்கள். மதினி அங்கேயே ஜெபமாலை சொல்லி முடிக்கும்வரை அண்ணன் மகள் காரை எடுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குக் காலக் கணக்கு: ஜூனில் போனால் வெளிச்சம் உண்டு, சம்பரோ முனையில் பஃபின் பறவைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். ஆகஸ்டில் அவை கடலுக்குப் போய்விடும். பின்னல் மட்டுமே நோக்கம் என்றால் செப்டம்பர் கடைசியில் தொடங்கும் கம்பளி வாரத்துக்குப் போங்கள். 2010 முதல் நடக்கிறது. வகுப்புகளும் தங்குமிடமும் சீக்கிரம் நிரம்பிவிடும், மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

நூல் வாங்க லெர்விக்கில் ஜேமிசன் அண்ட் ஸ்மித் கடை போதும். தீவு விவசாயிகளிடம் நேரடியாகக் கம்பளி வாங்கித் தரம் பிரிப்பவர்கள். இரண்டு இழை ஜம்பர் வெயிட் என்று கேளுங்கள், 25 கிராம் உருண்டையில் 115 மீட்டர் வரும். சாயம் போடாத, ஆட்டின் சொந்த நிறங்களான பழுப்பு, சாம்பல், கறுப்பு ஆகியவற்றை முதலில் வாங்குங்கள், நம் ஊரில் அவை கிடைப்பதில்லை. ஒரு சட்டைக்கு எத்தனை உருண்டை என்று ஊரிலேயே அளவெடுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு போனால் கை மீறாது. கொண்டுவந்ததும் நல்ல வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடிவிடுங்கள். கடற்கரை வீட்டு ஈரத்தில் பீரோவில் சும்மா வைத்தால் பூச்சி அரித்துவிடும். அசல் கம்பளி என்றால் அதற்கு இன்னும் ருசி.