ஸ்விங் காலத்துக்குப் பிறகும் கிளாரினெட்டைக் கைவிடாத ஐரோப்பிய ஜாஸ் கலைஞர்களில் யாரைக் கேட்கலாம்?

கேள்வி கேட்டவர், ஸ்விங் எனப்படும் 1930களின் நடன ஜாஸில் கிளாரினெட் வாசித்துப் புகழ்பெற்ற அமெரிக்கர்கள் பென்னி குட்மேன், ஆர்ட்டி ஷா ஆகியோரின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு முடித்துவிட்டு, அவர்களுக்குப் பின் ஐரோப்பாவில் இக்கருவியை முன்னெடுத்துச் சென்றவர் யார் என்று அறிய விரும்புகிறார். பலர் இங்கிலாந்தின் ஆக்கர் பில்க்கைச் சொல்வார்கள். 1962இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் என்பதால் அது இயல்பே. சுவீடனின் புட்டே விக்மனும் கேட்கத் தகுந்தவர். இருந்தாலும் என் தேர்வு ஜெர்மனியின் ரோல்ஃப் க்யூன். ஸ்விங்கில் தொடங்கி, அதிவேகமான பீபாப் பாணி வழியாக, தாள, சுருதிக் கட்டுகளை உதறிய கட்டற்ற ஜாஸ் வரை ஒரே கருவியோடு நடந்து வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் இவர் அளவுக்கு நீண்ட காலம் வாசித்தவர் வேறொருவர் எனக்குத் தெரிந்து இல்லை.

இது ஏன் அரிய செயல் என்பதற்குக் கருவியின் அமைப்பையே பார்க்க வேண்டும். சாக்சபோனில் கீழ் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்துக்கு வைத்த விரல்களோடு ஸ்தாயி விசையை அழுத்தினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கிடைக்கும். கிளாரினெட்டில் அப்படி இல்லை; சட்ஜத்துக்கு வைத்த விரல்கள் ஒரு ஸ்தாயியையும் தாண்டி மேல் பஞ்சமத்தைத் தருகின்றன. ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் விரல்முறை மாறுகிறது, இரண்டு தளங்களும் சந்திக்கும் இடத்தை வேகமாகக் கடப்பது பெரும் சிரமம். 1940களில் சாக்சபோன் கலைஞர் சார்லி பார்க்கர் பீபாப்பில் கொண்டுவந்த அதிவேக வாசிப்பு சாக்சபோனுக்கு வாகாக அமைந்ததற்கும், கிளாரினெட் மெல்லப் பின்னுக்குப் போனதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். மேளக்காரர்கள் ஓசையைக் கூட்டிக்கொண்டே போனதும் இதன் மென்மையான ஒலிக்கு உதவவில்லை.

க்யூன் 1929 செப்டம்பர் 29 அன்று கொலோன் நகரில் பிறந்து லைப்சிக்கில் வளர்ந்தார். தந்தை வித்தைக் கலைஞர், தாய் யூதர். நாஜி ஆட்சியின் இனச் சட்டங்களின் கீழ் யூதத் தாயின் பிள்ளைக்கு இசைக் கல்லூரியின் கதவு திறக்காது என்பதால், லைப்சிக்கின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவின் கிளாரினெட் கலைஞரான ஹான்ஸ் பெர்னிங்கரிடம் தனியாகக் கற்றார். அவருடைய ஒலியில் கடைசி வரை தெரியும் சுத்தம், அதாவது ஸ்வரத்தை அசைக்காமல் நேராக நிறுத்தும் பழக்கம், இந்த மேற்கத்திய செவ்வியல் பயிற்சியிலிருந்து வந்தது என்றே கருதுகிறேன். அவருக்குக் குட்மேனின் இசைத்தட்டை முதலில் போட்டுக் காட்டியவர் அதே ஊரைச் சேர்ந்த பியானோ கலைஞர் யூட்டா ஹிப். போர்க்காலத்தில் தடைசெய்யப்பட்ட வானொலி ஒலிபரப்புகளை ஒளிந்து கேட்டு ஜாஸைக் கற்றவர் ஹிப். குட்மேனும் யூதக் குடும்பத்துப் பிள்ளை என்பதை இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

போருக்குப் பின் க்யூன் லைப்சிக் வானொலியில் குர்ட் ஹென்கெல்ஸின் நடன இசைக்குழுவில் வாசித்தார். பிறகு மேற்கு பெர்லினுக்குச் சென்று அங்கிருந்த ரியாஸ் வானொலியின் குழுவில் சேர்ந்தார். 1956இல் அமெரிக்கா போனார். பில்லி ஹாலிடேயையும் கவுன்ட் பேசியையும் உலகறியச் செய்த இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் இவரிலும் அக்கறை காட்டினார். 'ஸ்ட்ரீம்லைன்' என்ற இசைத்தட்டு அவர் மேற்பார்வையில் உருவானது. ஹேமண்டின் சகோதரியைத்தான் குட்மேன் மணந்திருந்தார். 1958இல் க்யூன் குட்மேனின் குழுவிலேயே வாசித்தார் என்பது, பதின்ம வயதில் அந்த இசைத்தட்டைக் கேட்டு வழி மாறியவருக்கு எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யூட்டா ஹிப்பும் அப்போது நியூயார்க்கில்தான் இருந்தார். ஆனால் 1956இல் புளூ நோட் நிறுவனத்துக்கு இசைத்தட்டுகள் பதிவு செய்த பின் அவர் இசையை விட்டு விலகி ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஒரே ஊரிலிருந்து அடுத்தடுத்துப் போன இருவரின் கதையும் இவ்வளவு வேறுபட்டிருப்பதால், க்யூனின் அமெரிக்க ஆண்டுகளை வெற்றிக் கதையாக மட்டும் வாசிக்க எனக்கு மனம் வருவதில்லை.

1960களின் தொடக்கத்தில் ஜெர்மனி திரும்பினார். வட ஜெர்மன் வானொலியின் தொலைக்காட்சி இசைக்குழுவை நடத்தினார், நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் இசை எழுதினார். பிழைப்புக்கு அது தேவைதான். ஆனால் அந்த வகைப் பதிவுகளில் நீங்கள் தேடுவது அதிகம் கிடைக்காது.

அவரை மீண்டும் ஆபத்தான பாதைக்கு இழுத்தவர் அவருடைய தம்பி, பியானோ கலைஞர் யோவாகிம் க்யூன். அண்ணனை விட 14 வயது இளையவரான யோவாகிம், 1966இல் வியன்னாவில் நடந்த போட்டிக்காகக் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர், திரும்பிப் போகவில்லை. அடுத்த ஆண்டே சகோதரர்கள் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் சேர்ந்து வாசித்தனர். அதே 1967இல் இம்பல்ஸ் நிறுவனத்துக்கு 'இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் நியூயார்க்' பதிவானது. அதில் பாஸ் வாசித்தவர் ஜிம்மி கேரிசன், மேளம் ஆல்டோ ரோமானோ. கேரிசன் பல ஆண்டுகள் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுடன் வாசித்தவர். கோல்ட்ரேன் அந்த ஜூலை 17 அன்றுதான் இறந்திருந்தார். அந்தச் சூழலை மனத்தில் வைத்துக் கேட்டால், தாளமும் சுருதி எல்லையும் அடிக்கடி உடையும் அந்த இசையில் க்யூனின் கிளாரினெட் குட்மேனிடமிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது விளங்கும். ஒலியின் சுத்தம் மட்டும் மாறவில்லை. கலவரமான இசை நடுவில் அந்தச் சுத்தமே ஒரு பதற்றத்தை உண்டாக்குகிறது. சில இடங்களில் தம்பியின் பியானோ அண்ணனை மூடிவிடுகிறது என்பது என் குறை.

முதுமையில் அவர் செய்தது எனக்கு இன்னும் வியப்பு. எண்பதை ஒட்டிய வயதில், பழைய புகழை வைத்து ஸ்விங் பாடல்களையே வாசித்துக்கொண்டிருக்க முடியும் என்ற நிலையில், கிட்டார் கலைஞர் ரோனி கிரௌப்பே, பாஸ் கலைஞர் யோஹன்னஸ் ஃபிங்க், தன்னைவிட ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் இளையவரான மேளக் கலைஞர் கிறிஸ்டியன் லில்லிங்கர் ஆகியோரோடு குழு அமைத்தார். லில்லிங்கரின் தாளம் ஒரு நொடியும் ஓரிடத்தில் நிற்காது. அதற்கு ஈடு கொடுத்து வாசிப்பது இளைஞர்களுக்கே எளிதல்ல. 2022 ஆகஸ்ட் 18 அன்று பெர்லினில் இறந்தபோது அவருக்கு 92 வயது.

எங்கிருந்து தொடங்குவது என்றால், குட்மேனுக்குப் பழகிய காதுக்கு 'ஸ்ட்ரீம்லைன்' தடையின்றிப் போகும். அடுத்து 2018இல் வந்த 'யெல்லோ + புளூ' தொகுப்பைக் கேளுங்கள். பியானோவில் ஃபிராங்க் ஷாஸ்டெனியர், பாஸில் லிசா வுல்ஃப், தாள வாத்தியங்களில் துபாக் மான்டியா இருக்கும் இதில் மெதுவான பாடல்களில் அவருடைய மூச்சின் அளவு நன்றாகக் கேட்கும். 1967ஆம் ஆண்டுப் பதிவை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் தடவை பிடிக்காவிட்டால் சில வாரங்கள் விட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.