அரை மணி நேரத்தில் ஹேங் ஆகும் கம்ப்யூட்டர்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி: ஐந்து வருடமாகப் பயன்படுத்தும் டெஸ்க்டாப், ஆன் செய்த அரை மணி நேரத்தில் அப்படியே நின்றுவிடுகிறது, மௌஸ்கூட நகராது. சில சமயம் நீலத் திரை வருகிறது, சில சமயம் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. இரண்டு முறை ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டும் சரியாகவில்லை. புதிது வாங்க வேண்டியதுதானா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள், மூன்றாவது முறை ஃபார்மட்டும் செய்யாதீர்கள். ஓடுகிற அந்த அரை மணி நேரத்தில் உங்கள் படங்கள், ஃபைல்கள் எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு முறை ஃபார்மட் செய்தும் போகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ஹார்ட்வேரில்தான் இருக்கும். எந்தப் பாகம் என்பதை, அது எப்படி நிற்கிறது என்பதை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் சூடு. இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு: இரண்டு மணி நேரம் அணைத்து வைத்துவிட்டு ஆன் செய்து, எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று பாருங்கள், நின்றதும் ஆறவிடாமல் உடனே திரும்ப ஆன் செய்யுங்கள். இந்த முறை ஐந்து, பத்து நிமிடத்திலேயே நின்றால் அநேகமாகச் சூடுதான். கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு ப்ராசஸர் வெப்பநிலையையும் பார்த்துவிடுங்கள், சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரி என்றால் கவலையில்லை, கொஞ்சம் வேலை கொடுத்ததுமே 95-ஐத் தொட்டால் கேபினெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

திறக்கும் முன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் ப்ராசஸர் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். அதைக் கழற்றிப் பாருங்கள், அடியில் ப்ராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் உலோகத் தகடுகளுக்கு மேல் தூசி கம்பளித் துணி மாதிரி படிந்து காற்றை முழுசாக அடைத்திருக்கும். அந்தத் தூசியை ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும். ஹீட் சிங்க்கை லேசாக ஆட்டியும் பாருங்கள். நான்கு பிளாஸ்டிக் பின்களில் நிற்கும் வகையென்றால், ஒரு பின் கழன்றிருந்தாலே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சூடு சரியாக இறங்காது. எப்படியும் ஐந்து வருடத்தில், ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ப்ராசஸரின் நடுவில் புதியதை ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும்.

சரி, சூடு இல்லை என்றால் அடுத்து ராம், அதாவது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம். நீலத் திரையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைப் பெயர் வருகிறதா என்று எழுதி வைத்துப் பாருங்கள், மாறிக்கொண்டே இருந்தால் ராம் மேல்தான் சந்தேகம் வரும். அதைக் கழற்றி, தங்க நிற விளிம்பைத் துடைத்து, கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு செட்டிங்கில்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு, போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அப்புறம் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விட்டுவிடாதீர்கள், இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகத் தனியே போட்டு எது என்று கண்டுபிடியுங்கள்.

ஹார்ட் டிஸ்க் கோளாறு வேறு மாதிரி இருக்கும். மௌஸ் நகரும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் திறக்காது, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், ஓரிரு நிமிடத்தில் திடீரென்று உயிர் வரும். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மஞ்சளோ சிவப்போ காட்டினால் டிஸ்க்கை மாற்றத் தயாராகுங்கள்.

கடைசியாக எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. நீலத் திரைகூட வராமல், சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று போனால் அதைப் பார்க்கலாம். விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருப்பதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று மாற்றிவிடுகிறார்கள், அந்தக் குறிப்புக்குச் சரியாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதுதான் அர்த்தம், காரணத்தை அது சொல்லாது. நன்றாக ஓடும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. அதைப் பிரித்து மட்டும் பார்க்காதீர்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும் கெபாசிட்டர்கள் ஷாக் அடிக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது. இவ்வளவும் பார்த்த பிறகும் நின்றால், மதர்போர்டில் ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளை (அவையும் கெபாசிட்டர்கள்தான்) பாருங்கள். தலை உப்பியோ கசிந்தோ இருந்தால் போர்டுதான் போயிருக்கிறது, அப்போது புதிது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.