பத்து ராத்திரிக் கணக்கு

கேள்வி: எனக்கு வயது 29. குழந்தைக்காக முயன்று 14 மாதம் ஆகிறது. மாதவிலக்கு 33 முதல் 36 நாளுக்கு ஒருமுறை வரும், 5 நாள் இருக்கும். ‘தலைக்குக் குளித்ததிலிருந்து பத்து நாளுக்குள் சேர்ந்தால் கரு நிற்கும் என்று பழங்காலப் பாரசீகர்கள் கண்டுபிடித்தார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் கணவர் அப்படியே கடைப்பிடிக்கிறார். பெண்ணின் வித்து வலுத்தால் பெண் குழந்தை என்றும் அதில் இருக்கிறது. நம்பலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இது யாரோ இட்டுக்கட்டியது இல்லை. 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் பஹ்லவி என்ற பழைய பாரசீக மொழியில் தொகுக்கப்பட்ட, பார்சிகளின் மதமான ஜரதுஷ்டிர மதத்தின் நூல் புந்தஹிஷ்னில் இப்படித்தான் இருக்கிறது: விலக்கு முடிந்து பத்துப் பகல், பத்து இரவு கருவுக்கு உகந்த காலம். ஆண் வித்து மூளையிலிருந்து வருவது, சூடும் வறட்சியும் கொண்டது. பெண் வித்து இடுப்பிலிருந்து வருவது, குளிர்ச்சியும் ஈரமும் கொண்டது. எது வலுக்கிறதோ அந்தக் குழந்தை. இரண்டும் சமமானால் இரட்டை.

பெண்ணுக்கும் வித்து உண்டு என்று சொன்னார்களே, அதற்காகவே அவர்களைப் பாராட்டலாம். அரிஸ்டாட்டில் அதைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. பாலூட்டிகளின் கருமுட்டையை விஞ்ஞானி வான் பேயர் கண்டதே 1827-இல்தான். ஆனால் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது விந்தணுவில் இருக்கும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம். வலுவுக்கு அதில் வேலையில்லை.

பத்து நாள் கணக்குக்கு வருவோம். அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால் முட்டை வெளிப்படும் என்பது 1920-களில் ஜப்பானிய மருத்துவர் ஒகினோ, ஆஸ்திரிய மருத்துவர் க்னாவுஸ் இருவரும் தனித்தனியாகச் சொன்ன பிறகே தெளிவானது. முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுதாக இல்லை. விந்தணு 5 நாள் வரை தாங்கும். அதனால் முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய 5 நாளும்தான் பயன்படும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 9 முதல் 14-ஆம் நாள். அவர் 6-ஆம் நாள் குளித்தால் பத்து நாள் கணக்கு 15-இல் முடியும், கச்சிதமாகப் பொருந்திவிடும். அக்காலத்தில் ரத்தம் நிற்கும்வரை ஒன்பது இரவு வரைகூடப் பெண்ணைத் தீயிலிருந்தும் நீரிலிருந்தும் பதினைந்து தப்படி தள்ளி உட்கார வைத்தார்கள் (அதே மதத்தின் தூய்மைச் சட்ட நூலான வெந்திதாதின் விதி). அப்படித் தாமதமாகக் குளித்தவளுக்குக் கணக்கு 19-ஆம் நாள் வரை நீண்டிருக்கும்.

உங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. 33 நாள் மாதத்தில் முட்டை 19-ஆம் நாள் வாக்கில், 36 நாள் மாதத்தில் 22-ஆம் நாள் வாக்கில் வெளிப்படும். உகந்த நாள்கள் 14 முதல் 22 வரை. உங்கள் கணவர் 15-ஆம் நாளோடு நிறுத்திவிடுகிறார், வாய்ப்பு திறக்கும் நேரத்தில்!

இனி ரத்தம் பட்ட முதல் நாளை 1 என்று வைத்து, 14-ஆம் நாளிலிருந்து 24 வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் சேருங்கள். முட்டை வெளிப்படப் போவதைச் சிறுநீரில் காட்டும் ஓவுலேஷன் கிட் மருந்துக்கடையில் வாங்கினால் 15-ஆம் நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில், அதற்கு முந்தைய 2 மணி நேரம் அதிகம் தண்ணீர் குடிக்காமல் பாருங்கள். சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டின் அளவுக்கு அழுத்தமாக வந்தால் அன்றும் மறுநாளும் முக்கியம். மங்கலான கோடு கணக்கில் இல்லை. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் பல நாள் தொடர்ந்து அழுத்தமாகக் காட்டி ஏமாற்றும்.

ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்குங்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டதால் இருவருமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கணவருக்கு விந்துப் பரிசோதனை, 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு. உங்களுக்குத் தைராய்டும் ஸ்கேனும். ‘21-ஆம் நாள் புரொஜெஸ்டிரான்’ (முட்டை வெளிப்பட்ட பிறகு கூடும் ஹார்மோனின் ரத்தப் பரிசோதனை) என்று சீட்டில் எழுதினால் உங்கள் சுழற்சி எத்தனை நாள் என்று சொல்லிவிடுங்கள். அந்த 21-ஆம் நாள் கணக்கு 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கானது. உங்களுக்கு 27 அல்லது 28-ஆம் நாள் எடுத்தால்தான் முட்டை வெளிப்பட்டதா என்பது தெரியும்.