வாடகை வரவில்லை, வீட்டை லீஸுக்கு விட்டுவிடலாமா?

கேள்வி: 2016 இறுதியில் சென்னை மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு ஒன்றைப் பதிவுச் செலவு உட்பட 45 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். வங்கிக் கடன் 32 லட்சம், வட்டி 8.75%, மாதத் தவணை ரூ.28,300. இன்னும் 23 லட்சம் பாக்கி. நாங்கள் இருப்பது திருச்சியில். வாடகை ரூ.18,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். குடியிருப்பவர் நான்கு மாதங்களாக வாடகை தரவில்லை. 11 மாத ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. மின்சாரத்தைத் துண்டித்தால் தானாகப் போய்விடுவார் என்கிறார்கள். வேறொருவர் 8 லட்சம் மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் மூன்றாண்டு லீஸுக்கு வரத் தயார். அதைக் கடனில் கட்டிவிடலாமா? 60 லட்சத்துக்கு விற்கலாம் என்கிறார் தரகர். ஆனால் வரியை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பதில்: மின்சாரத்தில் கை வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை வீட்டு உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று தடுக்கிறது. இப்போது தவறு அவர் பக்கம் இருக்கிறது. ஃபியூஸைப் பிடுங்கினால் அது உங்கள் பக்கம் வந்துவிடும்.

நான்கு மாத பாக்கி 72,000. அட்வான்ஸில் மிஞ்சுவது 28,000. காலி செய்தபின் பெயின்ட் அடிக்கவும் குழாய்களைச் சரிபார்க்கவுமே அது போய்விடும். ஆகவே இனி தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கைக்காசு. நேரில் போய்ப் பேசுங்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்தால் ஒரு மாத வாடகையைத் தள்ளுபடி செய்கிறேன் என்று சொல்லலாம். ஏமாளித்தனமாகத் தோன்றினாலும் வழக்கை விட இது மலிவு. ஒப்புக்கொண்டால் எழுதி வாங்குங்கள். மறுத்தால் பாக்கியைக் கேட்டு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். இரண்டு மாத வாடகை பாக்கியாகி, நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கோரலாம். எழுத்துபூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதும் காலி செய்யக் கோரும் காரணங்களில் ஒன்றுதான். ஆனாலும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்கியிருந்தால், இன்று உங்கள் வழக்கறிஞரின் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். வெளியூரில் இருந்துகொண்டு வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் முதலில் கோட்டை விடுவது இதில்தான்.

அந்த நோட்டீஸுக்கு இன்னொரு பயனும் உண்டு. வராத வாடகைக்கு வருமான வரி கட்டத் தேவையில்லை. ஆனால் வசூலிக்கவும் காலி செய்ய வைக்கவும் நீங்கள் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். நகலைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது லீஸ். 8 லட்சத்தைக் கடனில் கட்டினால் ஆண்டுக்கு மிச்சமாகும் வட்டி 70,000 ரூபாய். ஒழுங்காக வாடகை கட்டும் ஒருவர் கிடைத்தால் வருவது 2,16,000. ஆண்டில் ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலும் 1,98,000. இரண்டும் சரிக்குச் சரியாக வேண்டுமென்றால் லீஸ் தொகை 22 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். மூன்றாண்டு முடிவில் அந்த 8 லட்சத்தைத் திருப்பித் தருவதற்கு எங்கே போவீர்கள்? அடுத்த லீஸ்காரரிடம்தான் வாங்க வேண்டும். அவர் கிடைக்கத் தாமதமானால் இவர் காலி செய்ய மாட்டார். மேலும் வீட்டுப் பத்திரம் வங்கியில் அடமானமாக இருக்கிறது. வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் இப்படி ஒரு பெருந்தொகைக்கு வீட்டை ஒப்படைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது 60 லட்சத்துக்கு விற்கும் யோசனையில்தான். வாடகையிலிருந்து ஒரு மாத இடைவெளி, சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம், சில்லறைப் பழுதுகள் எல்லாம் கழித்தால் கையில் ஒன்றரை லட்சம் நிற்கலாம். 60 லட்சம் மதிப்புள்ள சொத்துக்கு அது 2.5%. விலை 45 லட்சத்திலிருந்து 60 ஆனதைக் கூட்டு வளர்ச்சியாகப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 3%. இரண்டும் சேர்ந்து ஐந்தரை. நீங்கள் கட்டும் வட்டியோ 8.75. நல்ல குடித்தனக்காரர் அமைந்தாலும் இந்த இடைவெளி மூடாது. புதிய வரி முறையில் இருந்தால், வாடகை வருமானத்துக்கு மேற்பட்ட வட்டியைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது. நீங்களோ பிள்ளைகளோ அங்கே குடிபோகும் எண்ணம் இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வைத்து விற்றுவிடுங்கள். ஆள் இருக்கும் வீட்டுக்கு விலை குறைத்துக் கேட்பார்கள்.

வரி பயம் இங்கே வேண்டியதில்லை. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்பதால், இந்தியாவில் வசிக்கும் தனிநபரான உங்களுக்கு இரண்டு கணக்குகளில் குறைவானது பொருந்தும். லாபம் 15 லட்சத்துக்கு 12.5% என்றால் ரூ.1,87,500. வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்தி, மிஞ்சும் லாபத்துக்கு 20% கட்டும் பழைய முறையில், குறியீடு 2016-17க்கு 264, 2025-26க்கு 376. உங்கள் 45 லட்சம் 64 லட்சமாகக் கணக்கிடப்படும். 2025-26இல் 60 லட்சத்துக்கு விற்றால் வரி விதிக்க லாபமே இல்லை. மாறும் வட்டிக் கடனாக இருந்தால் முன்கூட்டி அடைக்க அபராதமும் கிடையாது. கடன் போக மிஞ்சும் 37 லட்சத்தை எங்கே வைப்பது என்பதற்கு உங்கள் வயதும் ஓய்வுக்கால வருமானமும் தெரிய வேண்டும். அவற்றை எழுதி அனுப்புங்கள்.