வாசகர் கேள்வி: கொலாஜன் நாராவதைப் பார்க்க முடியுமா?

கேள்வி: கரைசலிலுள்ள கொலாஜன் மூலக்கூறுகள் தாமாகவே நாராகச் சேருமாமே? கல்லூரி ஆய்வகத்தில் பார்க்க முடியுமா? கடையில் விற்கும் ஜெலட்டின் போதுமா?
– முதுகலை மாணவி, ராணிப்பேட்டை

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். உங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் பதனிடும் தோலின் பெரும்பகுதிப் புரதமே கொலாஜன்தான். அதன் மூன்றிழை முறுக்கை 1954-ல் சென்னையில் அறிவியலாளர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள்.

அமிலத்தில் கரைத்த கொலாஜன் (மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம்) 8 பங்கு, பத்து மடங்குச் செறிவுள்ள பாஸ்பேட் உப்புக் கரைசல் 1 பங்கு. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஎச் 7.2–7.4-க்குக் கொண்டுவாருங்கள். எல்லாம் ஐஸில்தான்; பிப்பெட் முனையும் குளிர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குவெட்டில் (கரைசலை வைத்து அளக்கும் சிறு குப்பி) ஊற்றுமுன்பே சேர ஆரம்பித்துவிடும். குமிழி வேண்டாம், ஒளியைச் சிதறடித்துக் கணக்கைக் கெடுக்கும்.

பிறகு 37 டிகிரியில் வைத்து, ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் (கரைசல் எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்று அளக்கும் கருவி) 313 நானோமீட்டர் அலைநீளத்தில் கலங்கலை அளந்து வாருங்கள். குவார்ட்ஸ் குவெட் இல்லையா, 400 நானோமீட்டர் போதும். முதலில் எண் அசையாது. அப்போது சிறு கருக்கள்தான் உருவாகின்றன. பிறகு சட்டென்று ஏறி, ஓரிடத்தில் நிற்கும். நாரில் 67 நானோமீட்டருக்கு ஒன்றாக வரும் வரிகளைப் பார்க்க மட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். சாதாரண நுண்ணோக்கிக்கு எட்டாது.

மே மாத வேலூரில் அறை வெப்பத்தை நம்பாதீர்கள், வாட்டர் பாத் அவசியம். 40 டிகிரியைத் தாண்டினால் முறுக்கு அவிழ்ந்துவிடும். கலங்காமல் தெளிவாகவே நின்றால் முதலில் வெப்பத்தைச் சந்தேகியுங்கள், அடுத்து பிஎச்-ஐ.

ஜெலட்டின் உதவாது. அது ஏற்கெனவே முறுக்கு அவிழ்ந்த கொலாஜன். குளிர்ந்தால் உறையும், சூட்டில் இளகும். கொலாஜன் கரைசலோ சூட்டில்தான் கட்டியாகும்.