கறுத்த வெள்ளிக் கொலுசைத் தேய்க்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகளுக்காக வாங்கிய வெள்ளிக் கொலுசை நெடுநாள் பீரோவில் வைத்திருந்துவிட்டு இப்போது எடுத்தால் முழுவதும் கறுத்துக் கிடக்கிறது. பற்பசை வைத்துத் தேய்க்கச் சொல்கிறார்கள் சிலர். புளியே போதும் என்கிறார் என் மாமியார். எது சரி?
– வாசகி, ஈரோடு

பதில்: இரண்டுமே வேண்டாம். வெள்ளியின் மேல் நீங்கள் காண்பது வெறும் அழுக்கு அன்று. காற்றில் மிகச் சிறிதளவு கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்களோடு, குறிப்பாக ஹைட்ரஜன் சல்ஃபைடோடு, வெள்ளி வினைபுரிவதால் உண்டாகும் வெள்ளி சல்ஃபைடு என்னும் படலம் அது. அந்தக் கறுப்பின் எடையில் 100-க்கு 87 பங்கு உங்கள் வெள்ளியேதான். ஆகவே பற்பசையையோ பல்பொடியையோ வைத்துத் தேய்க்கும்போது கறுப்போடு சேர்ந்து வெள்ளியும் போகிறது. பற்பசையிலுள்ள நுண்துகள்கள் மேற்பரப்பில் கீறல்களையும் விட்டுச்செல்கின்றன. வெள்ளி முலாம் பூசிய நகையாக இருந்தால் சில முறை தேய்ப்பதிலேயே உள்ளிருக்கும் உலோகம் தெரிந்துவிடும்.

புளியைப் பொறுத்தவரை, செம்புப் பாத்திரமும் பித்தளைக் குத்துவிளக்கும் அதில் பளிச்சிடுவதற்குக் காரணம், அவற்றின் மேல் படிந்த செம்பு ஆக்சைடு புளியின் அமிலத்தில் கரைவதே. வெள்ளி சல்ஃபைடு அத்தகைய மென்மையான அமிலத்தில் கரைவதில்லை. உங்கள் மாமியாரின் புளி பூஜைப் பாத்திரங்களுக்கு மிகச் சரியானது, கொலுசுக்குப் பயன்படாது.

கறுப்பைச் சுரண்டி எடுக்காமல், அதிலுள்ள வெள்ளியை மீண்டும் வெள்ளியாகவே மாற்றும் வழி ஒன்று இருக்கிறது. முதலில் கொலுசைச் சோப்பு நீரில் அலசி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். பிசுக்கு இருந்தால் அடுத்து நடக்க வேண்டிய வினை நடக்காது. பிறகு கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தின் உட்புறம் முழுவதும், உணவு பொதியும் அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, அதன்மேல் கொலுசு நன்றாகப் படும்படி வையுங்கள். ஒரு லிட்டர் கொதிநீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு தேக்கரண்டி உப்பும் கலந்து ஊற்றினால், கந்தகம் வெள்ளியை விட்டு நீங்க, அலுமினியம் அதற்கு ஈடாகத் தன்னைக் கரைத்துக்கொள்ளும். லேசாக அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அஞ்ச வேண்டாம், வினை நடப்பதன் அடையாளம் அது. சன்னலை மட்டும் திறந்து வையுங்கள். சில நிமிடங்களில் எடுத்து, நல்ல நீரில் அலசி, ஈரம் சிறிதும் இல்லாமல் பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்திவிடுங்கள். கறுப்பு தடிமனாக இருந்தால் புதிய நீர் ஊற்றி மறுபடியும் செய்யலாம். எடுத்தவுடன் வெண்மை சற்று மங்கலாகத் தெரியும். மெல்லிய துணியால் துடைத்தால் பளபளப்பு திரும்பும்.

எல்லா நகைக்கும் இது ஏற்றதன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முத்து, பவளம் பதித்தவை, கல்லைப் பசையால் ஒட்டியவை, எனாமல் வண்ணம் தீட்டியவை, உள்ளே கூடாக இருப்பவை ஆகியவற்றைக் கொதிநீரில் இடவே கூடாது. பரதநாட்டியத்திற்கு அணியும், நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளுக்கும் இந்தத் தடை பொருந்தும். வெள்ளியில் கெம்புக் கல் பதித்துப் பொன் வேலை செய்த அவற்றை உலர்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘ஆக்சிடைஸ்டு’ என்று விற்கும் நகைகளின் பள்ளங்களில் வேண்டுமென்றே ஏற்றிய கறுப்புதான் அவற்றின் அழகு. இந்த நீரில் அதுவும் போய்விடும்.

கேள்வி: திருநீறு போட்டுத் துடைப்பது எங்கள் வீட்டு வழக்கம். தொடரலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தொடரலாம். மெல்லிய துணியில் சலித்த, கைக்கு மாவுபோல் படும் திருநீறாக இருக்க வேண்டும், நறநறவென்றிருந்தால் கீறும். லேசான மங்கலுக்கு இது போதும். பூந்திக்கொட்டை ஊறிய நீரில் மென்மையான தூரிகையால் கழுவும் பழைய முறையும் எனக்குப் பிடித்தமானது, ஏனெனில் கொலுசின் முத்துகளுக்கிடையே சேரும் வியர்வைப் பிசுக்கை அது நன்றாக எடுக்கிறது.

கேள்வி: குழந்தையின் அரைஞாண் கறுத்தால் உடம்பில் சூடு அதிகம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, மதுரை

பதில்: இல்லை. தோலில் பூசும் களிம்புகள், வியர்வை, காற்றின் ஈரப்பதம் ஆகியவையே காரணம். சொறி சிரங்குக்குக் கந்தகக் களிம்பு தடவியிருந்தால் மிக விரைவாகக் கறுக்கும். நகையின் தரமும் சேர்ந்துகொள்கிறது. 925 முத்திரையுள்ள நகையில் 92.5 விழுக்காடு வெள்ளியும், எஞ்சியதில் பெரும்பாலும் செம்பும் இருக்கும். கடைக்காரர்கள் ‘70 டச்’, ‘80 டச்’ (நூற்றில் 70, 80 பங்கு வெள்ளி) என்று சொல்லும் கொலுசு, அரைஞாண்களில் செம்பு முதலிய பிற உலோகங்களின் பங்கு இன்னும் அதிகம், அதனால் அவை விரைவில் நிறம் மாறும். இதை நோயின் அறிகுறியாகக் கருதிக் குழந்தைக்கு எதையும் கொடுத்துவிடாதீர்கள். கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவங்கள் பலவற்றில் அமிலமும் தயோயூரியா என்னும் வேதிப்பொருளும் இருப்பதால், குழந்தை வாயில் வைக்கக்கூடிய நகைகளுக்கு அவை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கடையில் பாலிஷ் போட்டு வாங்கியபின் கொலுசின் எடை குறைந்திருந்தது. ஏமாற்றப்பட்டேனா?
– வாசகி, சேலம்

பதில்: எடை குறைந்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இடுக்குகளில் இருந்த அழுக்கு போயிருக்கும். சுழலும் சக்கரத்தில் வைத்து மெருகேற்றும்போது வெள்ளியும் சிறிது தேயும். ஆனால் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உங்கள் கண்ணெதிரே நிறுத்து, இரண்டு எடையையும் சீட்டில் எழுதித் தரச் சொல்வது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள். அடிக்கடி மெருகேற்றுவதையும் தவிருங்கள்.

கேள்வி: மறுபடியும் கறுக்காமல் எப்படி வைப்பது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அணிந்துகொண்டே இருப்பதுதான் முதல் வழி, தினமும் உராய்வதால் படலம் தங்குவதில்லை. உள்ளே வைப்பதானால் நன்கு உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாலித்தீன் உறையில் காற்றை வெளியேற்றி மூடி, ஈரத்தை இழுக்க ஒரு சாக்பீஸ் துண்டையோ சிலிக்கா ஜெல் பொட்டலத்தையோ உடன் வையுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். கம்பளித் துணியில் சுற்றாதீர்கள். இரண்டிலுமே கந்தகம் உண்டு. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரை கழுவும்போதும் நீச்சல் குளத்தில் இறங்கும்போதும் வெள்ளியைக் கழற்றி வைத்துவிடுங்கள். குளோரின் ஏற்படுத்தும் அரிப்பை எந்தக் கழுவலும் சரிசெய்யாது.