ஹெல்ப் ஆத்தரிங் மென்பொருளில் சிஎஸ்எஸ் எழுதியும் சில டேபிள்கள் மட்டும் மாற மறுப்பது ஏன்?

கேள்வி கேட்டவரின் நிலைமை: இருநூறு டாபிக்குக்கு (உதவிப் பக்கத்துக்கு) மேல் உள்ள ஒரு ஹெல்ப் புராஜெக்ட். எல்லா டேபிளும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று ஸ்டைல்ஷீட்டில், அதாவது பக்கங்களின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில், விதிகள் எழுதியிருக்கிறார். பாதி டேபிள்கள் கேட்கின்றன, மீதி பழைய கோலத்திலேயே நிற்கின்றன.

இதே இடத்தில் நான் மாட்டியபோது செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிலீஸுக்கு முந்தின நாள் மாலை. அடங்காத டேபிள்களைப் பார்த்து எரிச்சலாகி, செல்லுக்கான ஒவ்வொரு விதியின் பின்னாலும் ஆச்சரியக்குறியோடு, மற்ற விதிகளை மீறச் செய்யும் ‘இம்பார்ட்டன்ட்’ போட்டேன். மறு நொடியே எல்லாம் வரிசைக்கு வந்துவிட்டன. ஒரு வாரம் கழித்துப் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு குரல்: "எச்சரிக்கை டேபிள்ல இருந்த சிவப்பு எங்க போச்சு?" அந்த டேபிள்களுக்குத் தனி கிளாஸ் (தனி விதி எழுத வைக்கும் பெயர்), தனிப் பின்னணி நிறம் இருந்தது. என் விதி அதையும் சேர்த்து வெள்ளையடித்துவிட்டது. சிவப்பை மீட்க இன்னொரு இம்பார்ட்டன்ட், அதை மீற மேலும் ஒன்று... கடைசியில் அந்தக் கோப்பைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் ஸ்டைல்ஷீட்டை மூடி வைத்துவிட்டு, அடங்காத டேபிள் ஒன்றின் எச்டிஎம்எல்லைத் திறந்து பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். செல்லுக்குள் ‘ஸ்டைல்’ என்று ஆரம்பித்து அகலம், நிறம், பார்டர் எல்லாம் எழுதியிருந்தால் அதுதான் இன்லைன் ஸ்டைல். இதை நீங்கள் கையால் எழுதியிருக்க மாட்டீர்கள். வேர்டிலிருந்து பேஸ்ட் செய்யும்போது வந்திருக்கும், அல்லது எடிட்டரில் காலத்தின் (நெடுவரிசையின்) ஓரத்தை மவுஸால் இழுத்தபோது மென்பொருளே எழுதி வைத்திருக்கும். ஸ்டைல்ஷீட்டில் உள்ள சாதாரண விதி எதுவும் இன்லைன் ஸ்டைலை வெல்லாது.

இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, பழைய எச்டிஎம்எல் பண்புகள்: பிஜிகலர் (பின்னணி நிறம்), செல்பேடிங் (செல்லின் உள் இடைவெளி), விட்த் (அகலம்) போன்றவை. பார்க்க இன்லைன் ஸ்டைல் போலவே இருந்தாலும் இவை சாது. நீங்கள் அதே விஷயத்துக்கு ஒரு விதி எழுதினாலே ஒதுங்கிவிடும். எழுதாவிட்டால் மட்டும் உயிரோடு இருக்கும். நிறமெல்லாம் மாறிவிட்டது, அகலம் மட்டும் மாறவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

மூன்றாவது சந்தேகம் மென்பொருளைப் பொறுத்தது. மேட்கேப் ஃபிளேர் போன்றவற்றில் டேபிள் ஸ்டைல் என்பது பொது ஸ்டைல்ஷீட்டுக்கு வெளியே, தனிக் கோப்பு. அதை ஒரு டேபிளுக்குப் பொருத்தினால் ஒவ்வொரு செல்லுக்கும் நீளமான ஒரு கிளாஸ் பெயர் ஏறும்: எந்த ஸ்டைல், தலைப்பு வரிசையா உடலா, எத்தனையாவது பேட்டர்ன் காலம் என்று ஜாதகம் மாதிரி. நீங்கள் பொது ஸ்டைல்ஷீட்டில் வெறும் ‘டிடி’ (செல்லுக்கான டேக்) என்று எழுதும் விதி, கிளாஸோடு வரும் விதியிடம் தோற்றுப்போகும், ஏனென்றால் கிளாஸுக்கு எடை அதிகம். இங்கே சண்டை போடாமல், மாற்றத்தை டேபிள் ஸ்டைல் கோப்பிலேயே செய்வதுதான் முறை. எனக்கு ஆரம்பத்தில் அந்த நீளப் பெயர்கள் அருவருப்பாக இருந்தன. பிறகு சிஎச்எம் (விண்டோஸின் பழைய ஹெல்ப் வடிவம்) கோப்பு ஒன்று தயாரிக்க வேண்டி வந்தபோதுதான் அருமை புரிந்தது. 1997-இல் வந்த அந்த வடிவம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் எஞ்சினை வைத்து ஓடுவது. நாம் வேறு ஏதும் சொல்லாவிட்டால் ஏழாம் பதிப்பு போலவே நடந்துகொள்ளும். ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு நிறம் கொடுக்க இன்று எல்லாரும் எழுதும் ‘என்த்-சைல்ட்’ ஒன்பதாம் பதிப்பில்தான் வந்தது. கிளாஸ் வழியாகப் போட்ட வரிக்கோடுகளோ அங்கும் தெரியும்.

சிஎச்எம் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். பக்கத்தின் தலையில் டாக்டைப் அறிவிப்பு (இது எச்டிஎம்எல் பக்கம் என்று சொல்லும் முதல் வரி) இல்லாவிட்டால் பிரவுசர், பழைய பக்கங்களுக்கென்று வைத்திருக்கும் ‘குவெர்க்ஸ்’ நிலைக்குப் போய்விடும். அந்த நிலையில் டேபிள், பாடியில் கொடுத்த எழுத்தளவை வாங்கிக்கொள்ளாது. பத்தியெல்லாம் அளவாக இருக்க, டேபிளில் மட்டும் எழுத்து பெரிதாகத் தெரிந்தால் மணிக்கணக்கில் விதிகளைத் துருவாமல் முதல் வரியைப் பாருங்கள். நான் துருவியிருக்கிறேன்.

செல்லில் காரணமில்லாத வெற்றிடம் தெரிகிறதா? எடிட்டரில் செல்லுக்குள் என்டர் தட்டினால் பல மென்பொருள்கள் உள்ளே ஒரு பத்தியை உருவாக்கும். அந்தப் பத்திக்கு மேலும் கீழும் மார்ஜின் (வெளி இடைவெளி) உண்டு. என்டர் தட்டாத செல்லில் வெறும் எழுத்துதான். ஒரே டேபிளில் ஒரு வரிசை குண்டாகவும் அடுத்தது ஒல்லியாகவும் தெரிவது இதனால்தான். செல்லுக்குள் இருக்கும் பத்தியின் மார்ஜினைப் பூஜ்யமாக்கி, இடைவெளியைச் செல்லின் பேடிங்கில் மட்டும் வையுங்கள். பேடிங்கை வரிசைக்குக் கொடுத்துப் பயனில்லை, அது செல்லுக்கு மட்டும்தான் வேலை செய்யும். அதேபோல், எண்கள் உள்ள காலத்தை வலப்பக்கம் ஒதுக்க, காலத்துக்கான ‘கோல்’ டேகில் எழுதுவதும் வீண். பின்னணி, பார்டர், அகலம், தெரிவதா மறைவதா என்பதைத் தவிர வேறெதையும் அது ஏற்காது.

பின்னணி நிறத்துக்கு அடுக்குகள் உண்டு: அடியில் டேபிள், அதன்மேல் காலங்கள், பிறகு வரிசைகள், எல்லாவற்றுக்கும் மேலே செல். செல்லுக்கு வெள்ளைப் பின்னணி கொடுத்துவிட்டு வரிசையின் நிறம் தெரியவில்லையே என்று தேடினால் கிடைக்காது.

பார்டர் விஷயத்தில் நான் இப்போது எல்லாரும் சொல்வதற்கு மாறாகச் செய்கிறேன். செல்களுக்கிடையே இரட்டைக் கோடு தெரியாமலிருக்க ‘பார்டர்-கொலாப்ஸ்’ பண்புக்கு ‘கொலாப்ஸ்’ என்று எழுதுவது வழக்கம். அச்சுக்கு அது நல்லதுதான். ஆனால் நீளமான டேபிளில் தலைப்பு வரிசை மேலேயே ஒட்டி நிற்க ‘ஸ்டிக்கி’ போட்டால், எழுத்து நிற்கும், கோடு மட்டும் டேபிளோடு உருண்டு போய்விடும். கோடு அப்போது செல்லின் சொத்து அல்ல, டேபிளின் சொத்து. ஆகவே ‘செபரேட்’ என்றே விட்டு, இடைவெளியைப் பூஜ்யமாக்கி, ஒவ்வொரு செல்லுக்கும் கீழேயும் வலது பக்கமும் மட்டும் கோடு போடுகிறேன். டேபிளின் மேல் ஓரமும் இடது ஓரமும் தனியாக. விதி இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.

மொபைலில் திரையைத் தாண்டி வழியும் டேபிளை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பக்கவாட்டில் நகர விடுவது எளிய வழி. ஆனால் அந்தப் பெட்டியே ஸ்க்ரோல் ஆகும் இடமாகிவிடுவதால், உள்ளே இருக்கும் ஸ்டிக்கி தலைப்பு பக்கத்தோடு ஒட்டாது. இரண்டில் எது வேண்டும் என்று தீர்மானியுங்கள். வழிவதற்கான மூல காரணம் பல நேரம் நீளமான ஃபைல் பாத்தோ, இடைவெளியே இல்லாத அளவுருப் பெயரோதான். நீளச் சொல்லை உடைக்கும் ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ பண்புக்கு ‘பிரேக்-வேர்ட்’ கொடுத்தால் டேபிளில் பலன் இருக்காது, காலத்தின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அது சேராது. ‘எனிவேர்’ கொடுத்தால் சேரும்.

பிடிஎஃப் எடுப்பவர்களுக்கு ஒரு வரி: தலைப்பு வரிசை அதற்கான ‘டிஹெட்’ டேகுக்குள் இருந்தால்தான் அடுத்த பக்கத்திலும் அது மறுபடி வரும். வெறுமனே தடித்த எழுத்தில் முதல் வரிசையை எழுதினால் வராது.

இனி உங்கள் இருநூறு டாபிக்குகள். முழு புராஜெக்ட்டையும் நகல் எடுத்துவிட்டு, மென்பொருளுக்கு வெளியே ஏதாவது ஒரு கோட் எடிட்டரில் திறந்து, டிடி, டிஹெச் (தலைப்பு செல்), டிஆர் (வரிசை), டேபிள் டேகுகளுக்குள் இருக்கும் ஸ்டைல் பண்பை மட்டும் ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் குறியீட்டால்) தேடுங்கள். ஒரேயடியாக ‘எல்லாவற்றையும் மாற்று’ அழுத்த வேண்டாம். முதல் ஐம்பது முடிவுகளைக் கண்ணால் பாருங்கள், வேண்டுமென்றே வைத்த அகலம் சில இருக்கும். அவற்றை ஒரு கிளாஸாக மாற்றிவிட்டு மீதியை அழியுங்கள். நடுவில் ஒரு சோதனை டாபிக் வைத்துக்கொள்ளுங்கள்: சாதா டேபிள், எச்சரிக்கை டேபிள், செல் இணைத்தது, செல்லுக்குள் பட்டியல் உள்ளது, நீளமான பாத் உள்ளது, எல்லாம் ஒரே பக்கத்தில். ஸ்டைல்ஷீட்டில் கை வைக்கும்போதெல்லாம் அந்த ஒரு பக்கத்தை எல்லா அவுட்புட்டிலும் எடுத்துப் பார்ப்பேன். அன்று அது இருந்திருந்தால் சிவப்பு காணாமல் போனதை நானே பார்த்திருப்பேன்.